பல்ப் கதைகளைத் தொகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்க பல்ப் இதழ்களிலிருந்து கதைகளை எடுத்துப் புத்தகமாகக் கொண்டுவரும் தொகுப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். மரக்கூழில் செய்த மட்டமான காகிதத்தில் அச்சாகி, பத்து சென்ட்டுக்கு விற்ற இதழ்கள் அவை. மிஞ்சியிருக்கும் பிரதிகளும் தொட்டால் உதிரும் நிலையில் இருக்கின்றன. நீங்கள் தேடி எடுத்து அச்சிடாவிட்டால் என்னைப் போன்ற வாசகர்களுக்கு அந்தக் கதைகள் கிடைத்திருக்காது. அந்த நன்றியோடுதான் ஒன்றைக் கேட்கிறேன். முகம் தெரியாத ஓர் எழுத்தாளரைப் பற்றிக் குறிப்பு எழுதும்போது, "இது இன்னாரின் புனைபெயராக இருக்கலாம்" என்ற வரியை ஆதாரம் காட்டாமல் அச்சிடாதீர்கள்.

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்பதற்கு பிரான்சிஸ் ஸ்டீவன்ஸ் என்ற எழுத்தாளருக்கு நடந்ததே போதும். உங்களில் பலருக்கு அது தெரிந்திருக்கும். தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்தப் பெயரில் எழுதிய கெர்ட்ரூட் பாரோஸ் 1884-ல் மினியாபொலிஸில் பிறந்தவர். சுருக்கெழுத்து வேலை பார்த்துப் பிழைத்தவர். புதையல் தேடிப் போன பயணத்தில் கணவர் பென்னட் 1910-ல் புயலில் சிக்கி இறந்தபோது அவர் கையில் கைக்குழந்தை. பின்னாளில் படுக்கையில் விழுந்த தாயையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்க அவருக்குத் தெரிந்த வழி கதை எழுதுவது. 1917-ல் ஆல்-ஸ்டோரி வீக்லி இதழுக்கு ஒரு கதை அனுப்பி, ஜீன் வெய்ல் என்ற பெயரில் போடச் சொன்னார். ஆசிரியரோ பிரான்சிஸ் ஸ்டீவன்ஸ் என்று போட்டுவிட்டார். கதை வாசகர்களுக்குப் பிடித்துப்போனது, அந்தப் பெயரையே அவரும் வைத்துக்கொண்டார். 1918-ல் ஆர்கோசியில் 'தி சிட்டாடல் ஆஃப் ஃபியர்', 1919-ல் த்ரில் புக்கில் 'தி ஹெட்ஸ் ஆஃப் செர்பரஸ்', 1923-ல் வியர்ட் டேல்ஸில் 'சன்ஃபயர்'. அதோடு எழுத்து நின்றுவிட்டது.

அப்புறம் ஊகங்கள் கிளம்பின. இவ்வளவு நன்றாக எழுதியவர் அந்தக் காலத்துப் பெரிய பெயரான ஏ. மெரிட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று பல வாசகர்கள் நம்பினார்கள். 1952-ல் அவருடைய நாவல் வாழ்க்கைக் குறிப்போடு புத்தகமாக வந்த பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது. அதற்குப் பிறகும் ஒரு பிழை மிச்சமிருந்தது. அவர் 1939-ல் இறந்துவிட்டதாகவே நெடுநாள் எழுதிவந்தார்கள். மகளுக்கு அவரிடமிருந்து கடைசிக் கடிதம் வந்த ஆண்டு அது. கடிதம் நின்றதால் ஆளும் இல்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள். பின்னாளில் இறப்புச் சான்றிதழ் கிடைத்தபோது, அவர் 1948 வரை உயிரோடு இருந்தது தெரியவந்தது.

1940-களின் தொடக்கத்தில் ஃபேமஸ் ஃபென்டாஸ்டிக் மிஸ்டரீஸ் இதழ் அவர் கதைகளை மறுபடி வெளியிட்டுக்கொண்டிருந்தது. இவர் மெரிட்தானா என்று வாசகர்கள் பேசிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில், எழுதிய பெண் உயிரோடு இருந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

தேடுவது கஷ்டம் என்று எனக்கும் தெரியும். இதழின் பதிப்புரிமை பெரும்பாலும் நிறுவனத்தின் பேரில் இருக்கும், எழுத்தாளர் பெயர் அதில் அகப்படாது. ஆனால் அந்தக் கால அமெரிக்கச் சட்டப்படி 28-ஆம் ஆண்டில் உரிமையைப் புதுப்பிக்க வேண்டும். அப்படிப் புதுப்பித்த பதிவுகளில் சில சமயம் எழுத்தாளரின் உண்மைப் பெயரோ, மனைவி மக்களின் பெயரோ வந்துவிடும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாள்கள் 72 ஆண்டு கழித்துத் திறக்கப்படுகின்றன. 1950-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022-லிருந்து பார்வைக்கு இருக்கின்றன. ஆணாக இருந்தால் முதல் உலகப் போர்க்கால ராணுவப் பதிவு அட்டையில் தொழிலும் வேலை கொடுத்தவர் பெயரும் இருக்கும். பல்ப் இதழ்களை வெளியிட்ட ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் நிறுவனத்தின் ஆவணங்கள் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்திலும், அதே போன்ற பாப்புலர் பப்ளிகேஷன்ஸ் நிறுவனத்தின் ஆவணங்கள் நியூயார்க் பொது நூலகத்திலும் உள்ளன.

பணம் கொடுத்த கணக்கு கிடைத்தாலும் அவசரப்படக் கூடாது. 1943 முதல் 1951 வரை வியர்ட் டேல்ஸில் எழுதிய ஆலிசன் வி. ஹார்டிங் விஷயத்தைப் பாருங்கள். காசோலை ஒரு பெண்ணின் பேருக்குப் போனது என்பது தெரிந்தது. ஆனாலும் எழுதியது அந்தப் பெண்ணா, அதே இதழில் துணையாசிரியராக இருந்து பின்னர் அவரை மணந்தவரா என்ற விவாதம் தீரவில்லை. கணக்குப் புத்தகம் பணம் வாங்கியவரைத்தான் காட்டும். மேக்ஸ்வெல் கிராண்ட் போல நிறுவனமே வைத்துக்கொண்டு ஒருவருக்கு மேற்பட்டவர்களை எழுதவைத்த பெயர்கள் வேறு இருக்கின்றன. அங்கே ஒரே ஆளைத் தேடுவதே வீண்.

ஆகவே நான் கேட்பது இதுதான். எழுத்தாளர் குறிப்பில் எது ஆவணத்திலிருந்து வந்தது, எது உங்கள் ஊகம் என்று பிரித்து எழுதுங்கள். எந்த ஆவணம், எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். பெயர் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றே போட்டு, கதைகள் வந்த இதழ், தேதி, வாசகர் பக்கத்தில் அவரைப் பற்றி வந்த துணுக்கு எல்லாவற்றையும் அப்படியே கொடுங்கள். இன்னொருவர் அங்கிருந்து தொடங்கலாம். இந்தக் கதைகளில் பெரும்பாலானவை உரிமைக் காலம் முடிந்தவை, எழுதியவர் குடும்பத்துக்கு நீங்கள் காசு தர வேண்டியதில்லை. அந்தச் செலவு இல்லாத இடத்தில் இந்த உழைப்பையாவது கேட்பது நியாயம் என்று நினைக்கிறேன்.

ஏற்கெனவே அச்சிட்ட தொகுப்புகளில் தவறான அடையாளம் இருந்தால், அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் மாற்றிவிடாதீர்கள். என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று முன்னுரையிலேயே எழுதுங்கள். பழைய பதிப்பை வைத்திருப்பவர்களுக்கும் அது தெரிய வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வாசகர்களில் ஒருவர்