‘ஆப்பிரிக்கன் மிக்ஸ்’ தொட்டியைக் கொஞ்சம் பிரித்து வையுங்கள்
பெங்களூரு வண்ணமீன் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கு, வணக்கம்.

சிவாஜிநகர் பக்கமும் எங்கள் அல்சூர் பக்கமும் தமிழிலேயே பேரம் பேசி மீன் வாங்க முடிகிறது. அந்த உரிமையில் இதையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

பல கடைகளில் ஒரு தொட்டி பார்க்கிறேன். மஞ்சள், நீலம், ஆரஞ்சு, வரி போட்டது என்று விரல் நீள மீன்கள் கும்பலாகச் சுற்றும். கண்ணாடியில் மார்க்கரால் ‘ஆப்பிரிக்கன் மிக்ஸ்’ என்று எழுதியிருக்கும். எது எதோடு சேரும் என்று கேட்டால், “எல்லாம் ஆப்பிரிக்கன்தான் சார், ஒண்ணா இருக்கும்” என்று பதில் வரும். உங்கள் தொட்டியில் ஒன்றாக இருக்கின்றன, மறுக்கவில்லை. அங்கே எல்லாம் குஞ்சுகள், கூட்டமும் அதிகம், எதற்கும் தன் இடம் என்று ஒன்று கிடையாது. வீட்டுக்கு வந்து சில மாதம் வளர்ந்த பிறகுதான் அதனதன் சுபாவம் வெளியே வரும்.

அந்த ஒரு தொட்டிக்குள் நீங்கள் மூன்று ஊரைப் போட்டிருக்கிறீர்கள். எலக்ட்ரிக் யெல்லோ, ஆரட்டஸ், டெமசோனி, பீகாக் எல்லாம் மலாவி ஏரிக்காரர்கள். பிரன்டோசா டாங்கனிக்கா ஏரியைச் சேர்ந்தது. கிரிபென்சிஸ் மேற்கு ஆப்பிரிக்க ஆற்று மீன். மலாவித் தண்ணீரின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) ஏறக்குறைய 7.8இலிருந்து 8.6 வரை. டாங்கனிக்காவில் 9 வரைக்கும் போகும். கிரிபென்சிஸுக்கோ மென்மையான, லேசாக அமிலத்தன்மையுள்ள தண்ணீர்தான் பிறந்த இடம். கண்டம் ஒன்று என்பதற்காகத் தண்ணீரும் ஒன்றாகிவிடாது.

ஒரே ஏரி என்றாலும் சேர்ந்துவிடும் என்றில்லை. ஆரட்டஸை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் பளிச்சென்ற மஞ்சளில் கறுப்புக் கோடு. குழந்தைகள் முதலில் கைகாட்டுவது அதைத்தான். ஆண் வளர்ந்து தொட்டியைத் தன் கைக்குள் கொண்டுவந்ததும் நிறம் தலைகீழாகிறது: உடம்பு கரும்பழுப்பு, கோடு வெளிர். அன்றிலிருந்து மற்றவர்களுக்கு நிம்மதி கிடையாது. 2 அடி தொட்டியில் எங்கே ஓடுவது? அதில் பிடிப்பதே 57 லிட்டர்தான். கல், மண் போனால் 50கூடத் தேறாது. மற்ற மீன்கள் பில்டர் குழாய்க்குப் பின்னால், தண்ணீரின் மேல்மட்டத்தில், மூலையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். வால் கிழிந்து நூல் நூலாகத் தொங்கும். வாங்கினவர் அதைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு உங்களிடம் வருவார். வால் அழுகல் என்று நீங்கள் ஒரு நீல மருந்து பாட்டிலைக் கொடுத்து அனுப்புவீர்கள். மருந்து மீனுக்குப் போகிறது. அடிக்கிறவன் தொட்டியிலேயே இருக்கிறான்.

தீனி விஷயம் இன்னும் மோசம். மலாவியில் பாறையோடு வாழும் மபுனா கூட்டத்தில் (ஆரட்டஸ், டெமசோனி எல்லாம் இந்தக் கூட்டம்தான்) பெரும்பாலானவை பாறைப் பாசியைச் சுரண்டித் தின்பவை. அவற்றின் குடல் நீளம். பீகாக் மணலில் ஒளிந்திருக்கும் புழு பூச்சியைத் தேடித் தின்னும். இரண்டுக்கும் சேர்த்து ரத்தப்புழுவைப் போட்டால் பீகாக்குக்கு விருந்து. மபுனா வயிறு உப்பி, இரையைத் தொடாமல், வெள்ளை நூலாகக் கழிந்து சாகும். மலாவி பிளோட் என்று நீங்களே சொல்வது அதைத்தான். வந்த பிறகு பிழைப்பது அபூர்வம். அதனால் மபுனா தனி, பீகாக் தனி. மபுனாவுக்கு ஸ்பைருலினா பாசி கலந்த தீனி போதும்.

இவ்வளவு சொன்னாலும், பெங்களூரு இந்த மீன்களுக்கு நல்ல ஊர்தான். குடிக்கவும் முடியாமல் துணி துவைக்கவும் முடியாமல் நாம் திட்டித் தீர்க்கிற போர்வெல் உப்புத் தண்ணீர் இருக்கிறதே, மலாவிக்காரர்களுக்கு அது பெரும்பாலும் ஒத்துப்போகும். காவிரி வரும் வீடு என்றால் குளோரினை எடுத்துவிட்டு, தண்ணீரைக் கடினமாக்கக் கொஞ்சம் பவளத் துண்டை பில்டரில் போட வேண்டும். டேங்கர் தண்ணீர் லோடுக்கு லோடு மாறும், அதைப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஹீட்டர் இல்லாமல் முடியாது. ஆக, மீனைக் கவரில் பிடிப்பதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி “வீட்டில் எந்தத் தண்ணீர்?” என்பது. அடுத்தது “தொட்டி எத்தனை அடி?”

2 அடி தொட்டிக்காரருக்கும் கொடுக்க உங்களிடம் மீன் இருக்கிறது. டாங்கனிக்காவின் மல்டி, காலி நத்தை ஓட்டுக்குள் குடும்பம் நடத்துகிற குட்டி மீன், அந்த இடத்திலேயே சந்தோஷமாகப் பெருகும். 4 அடி, 250 லிட்டர் என்றால் எலக்ட்ரிக் யெல்லோ, ரஸ்டி, அசெய் என்ற மலாவி மீன்கள் மூன்றும் சேரும். ஒவ்வொன்றிலும் ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண், நிறையப் பாறை, இரட்டை பில்டர். செடி வைக்க ஆசைப்படுபவருக்கு ஆற்றுக் கூட்டத்தைக் காட்டுங்கள்: நடுவில் காங்கோ டெட்ரா, அடியில் ஒரு ஜோடி கிரிபென்சிஸ், தலைகீழாக நீந்துகிற கெளுத்தி, கட்டையில் கட்டிய அனுபியாஸ் செடி. அதில் காவிரித் தண்ணீரே போதும். மாலை வெயில் விழும்போது காங்கோ டெட்ராவின் முதுகில் ஓடுகிற நிறத்தைப் பார்த்தவர் மிக்ஸ் தொட்டிப் பக்கமே திரும்ப மாட்டார் (இது என் கட்சி, பீகாக் பிரியர்கள் மன்னிக்கவும்).

பிரன்டோசாவைச் சின்ன மீன்களோடு சேர்த்து விற்காதீர்கள். ஒரு அடிக்கு வளரும். இரவில் தூங்குகிற மீனை அப்படியே விழுங்கும். பீகாக் பெண்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம், வகை தெரியாமல் கலந்தால் அடுத்த தலைமுறையில் கலப்புக் குஞ்சுதான் மிஞ்சும். அப்புறம், தாடை உப்பி இரையெடுக்காமல் நிற்கிற பெண் மீனுக்கு மருந்து விற்காதீர்கள். வாயில் முட்டை வைத்திருக்கிறாள். மூன்று வாரம் விட்டால் குஞ்சைத் துப்புவாள்.

வாயில் அடைகாப்பது நமக்குப் புதிதல்ல. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபிக் கெண்டையும் இந்த மலாவி, டாங்கனிக்கா மீன்களைப் போல ஆப்பிரிக்க சிக்லிட் குடும்பம்தான், அதே வழக்கம்தான். இன்று ஏரி குளமெல்லாம் அதன் ராஜ்ஜியம், நாட்டு மீனுக்கு இடமில்லை. தொட்டி சுத்தம் செய்யும் என்று நீங்கள் கூடவே கட்டிக் கொடுக்கிற சக்கர் மீனும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, ஒரு அடி தாண்டி வளர்வது. அடக்க முடியாமல் போனதும் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து பெட்டி வந்து இறங்கினதும் மீனை ஏரிவாரியாகப் பிரித்து விடுங்கள். அதே மார்க்கரால் கண்ணாடியில் பெயர், ஊர், வளர்ந்தால் எத்தனை அங்குலம் என்று எழுதுங்கள். ஆரட்டஸ், வீனஸ்டஸ் மாதிரி முரட்டு மீன்களைக் கேட்டு வருபவருக்கு மட்டும் கொடுங்கள். வளர்ந்து சண்டைக்கு நிற்கிற மீனை யாராவது திருப்பிக் கொண்டுவந்தால், கால் விலைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய தொட்டிக்காரர் யாராவது அதையே தேடிக்கொண்டிருப்பார், அவருடைய நம்பரும் உங்களிடம்தான் இருக்கும்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்