படிவத்தில் இல்லாத கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா ஊரடங்கின்போது குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்கள் உதவி எண்களை அழைக்கத் தயங்கினார்கள் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரை கூறுகிறது. 2020-ல் வடசென்னையில் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுத்தவள் என்ற முறையில், 'தயக்கம்' என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை.

பெண்களுக்கான உதவி எண் 181 அப்போதும் இருந்தது. தேசிய மகளிர் ஆணையம் ஏப்ரல் 10 அன்று வாட்ஸ்அப் எண் ஒன்றையும் அறிவித்தது. ஆனால் ஒற்றை அறை வீட்டில், இருக்கும் ஒரே கைப்பேசியும் கணவனின் சட்டைப் பையில் கிடக்கும்போது, எங்கே நின்று அழைப்பது? தாய்வீட்டுக்குப் போகலாமென்றால் மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். தொடக்கத்தில் திருமணம், இறப்பு, மருத்துவ அவசரம் போன்ற காரணங்களுக்குத்தான் அது கிடைத்தது. எல்லாப் பழியையும் குடியின் மேல் போடுபவர்கள், சென்னையில் மதுக்கடைகள் அந்த ஆண்டு ஆகஸ்ட் வரை மூடியிருந்ததையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரு வீட்டில் நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் கணவரே "யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா" என்று பதில் சொன்னார். வெப்பமானியை நெற்றிக்கு நேரே நீட்டியபோது, அந்தப் பெண் முந்தானையை இழுத்துக் காதோரத்து வீக்கத்தை மறைத்துக்கொண்டு, "நாளைக்கும் நீங்கதானேக்கா வருவீங்க?" என்றாள். 98.4 என்று குறித்துக்கொண்டு நகர்ந்தேன். மறுநாள் எனக்கு வேறு தெரு ஒதுக்கப்பட்டது.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, வன்முறை நடப்பதாக நம்பக் காரணமுள்ள எவரும், அச்சட்டத்தின் கீழ் அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம் என்பதும், நல்லெண்ணத்தில் தந்தவர்மீது வழக்கு வராது என்பதும் எனக்குப் பின்னாளில்தான் தெரியவந்தது. கிருமிநாசினியை எப்படிக் கையில் தேய்ப்பது என்று அரை நாள் பயிற்சி கொடுத்தவர்கள் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கலாம். ஸ்பெயினின் கேனரி தீவுகளில், மருந்துக்கடையில் 'முகக்கவசம் 19' என்று கேட்டாலே கடைக்காரர் உதவிக்கு ஆள் அழைக்கும் ஏற்பாட்டை அதே ஆண்டு மார்ச்சில் செய்துவிட்டார்கள். பெண் எதற்காக வீட்டை விட்டு வெளியே வர முடியும் என்று அங்கே யோசித்திருக்கிறார்கள்.

அடுத்த தொற்றுக்கு அரசு ஆயத்தமாகும்போது, கணக்கெடுப்பவரின் அடையாள அட்டையின் பின்புறம் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரின் எண்ணை அச்சிடட்டும். ஒரு தெருவுக்கு எப்போதும் ஒரே பணியாளரை அனுப்பட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் கணக்கெடுப்புப் பணியாளர் (பெயர் வெளியிட வேண்டாம்),
சென்னை