வாங்காமலே தொடங்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் சுற்றுச்சூழலுக்கு உகந்த வாழ்க்கை பற்றி வந்த கட்டுரையை முழுவதும் படித்தேன். அக்கறையோடு எழுதியிருந்தார்கள். ஆனால் அதில் சொன்னவற்றில் பாதிக்கு மேல் கடைக்குப் போய் வாங்க வேண்டிய பொருட்கள்: மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, வரிசையாக அடுக்கக் கண்ணாடி ஜாடிகள், புதிய துணிப்பைகள். என் வீட்டில் அதைப் படித்த ஒருவர், "இதெல்லாம் வசதி உள்ளவங்களுக்குத்தான்" என்று சொல்லி இதழை மூடி வைத்துவிட்டார். அந்த வார்த்தை எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. கையில் காசு இல்லாதவர்தான் இதில் முன்னால் நிற்க முடியும் என்று நான் நம்புகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

துணிப்பையையே எடுத்துக்கொள்வோம். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. கடைப் பைகள் ஒவ்வொன்றும் உருவாவதில் தொடங்கிக் குப்பைக்குப் போவது வரை எவ்வளவு பாதிப்பை உண்டாக்குகின்றன என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். புவி வெப்பமாவதை மட்டும் பார்த்தால், ஒரு சாதாரண பருத்திப் பையைக் குறைந்தது 52 முறை பயன்படுத்தினால்தான் அது பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். கணக்கில் எடுத்த எல்லாப் பாதிப்புகளிலும் அது பின்தங்காமல் இருக்க வேண்டுமென்றால் 7,100 முறை பயன்படுத்த வேண்டும். பை குப்பையாகக் கால்வாயிலும் கடலிலும் போய்ச் சேரும் கேட்டை அந்த ஆய்வு கணக்கில் சேர்க்கவில்லை. ஆகவே பிளாஸ்டிக் பை நல்லது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. பருத்தியை விளைவிக்கவும் நூற்கவும் சாயமேற்றவும் அவ்வளவு நீரும் உரமும் ஆற்றலும் செலவாகின்றன என்பதுதான் விஷயம். வீட்டில் ஏற்கெனவே நாலு பை தொங்கும்போது, அழகாக இருக்கிறதே என்று ஐந்தாவதாக ஒன்றை வாங்கினால் அதில் பசுமை ஒன்றும் இல்லை. என் கையில் இருப்பது கிழிந்த படுக்கை விரிப்பில் தைத்த பை. அதற்காகப் புதிதாகப் பருத்தி விளையவில்லை. அதை எடுத்துப்போக மறப்பதுதான் உண்மையான சிக்கலாக இருந்தது. வீட்டுச் சாவியோடு சேர்த்து ஒரே ஆணியில் மாட்டிய பிறகு மறப்பதில்லை.

அடுத்தது உணவு. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். 2022-ல் உலகம் முழுவதும் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் கணக்குக் கொடுத்தது. அதில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்து போனது. தலைக்கு ஆண்டுக்கு 79 கிலோ! இதைக் குறைக்க எந்தக் கருவியும் வேண்டாம். ஒரே ஒரு வாரம், குப்பையில் என்ன கொட்டினோம் என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். எதை அதிகமாகச் சமைக்கிறோம், எதை வாங்கி வாங்கி அழுக விடுகிறோம் என்று அந்தத் தாளே சொல்லிவிடும். பழைய பொருளை ஃபிரிட்ஜின் முன்பக்கமும் புதிதாக வந்ததைப் பின்னாலும் வைத்தால், கண்ணில் படுவது முதலில் தீரும். இந்த இரண்டு பழக்கங்களுக்குப் பிறகு எங்கள் வீட்டுக் குப்பைக்கூடையின் எடையே குறைந்துவிட்டது.

அப்படியும் தோலும் காம்பும் மிஞ்சத்தான் செய்யும். அவை பெரிய குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாமல் புதைந்து அழுகும்போது மீத்தேன் வாயு கிளம்புகிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அது அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைப் போல 80 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அதே தோல், காற்றோட்டம் உள்ள ஒரு வாளியில் மக்கினால் உரமாகிவிடும். உடைந்த பழைய வாளி ஒன்றின் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். அடியில் காய்ந்த சருகு ஒரு படுகை. அதன்மேல் பொடியாக நறுக்கிய கழிவு. கழிவைப் போல இரண்டு மூன்று பங்கு சருகை ஒவ்வொரு முறையும் மேலே மூடுங்கள். வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால், பிழிந்து வைத்த ஸ்பாஞ்ச் போல ஈரமாக இருக்கலாம், தண்ணீர் சொட்டக்கூடாது. என் முதல் வாளி பத்தே நாளில் நாற்றமெடுத்தது. விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஈரம் அதிகமாகிக் காற்றுப் புகாமல் போனதுதான் காரணம் என்று பிறகு புரிந்தது. அட்டைப்பெட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்துப் போட்டு நன்றாகக் கிளறினேன், சில நாளில் நாற்றம் போய்விட்டது. தொடங்கிப் பாதியில் நிறுத்தியவர்கள் பலருக்கும் இந்த ஒரு விஷயத்தை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாக, பொலபொலவென்று, மழை பெய்த மண்வாசனையோடு உரம் வரும். அந்த மணத்தை முதல்முறை முகர்ந்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது.

சொட்டும் குழாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 4,000 சொட்டு என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் நாளைக்கு 21 லிட்டருக்கு மேல் வீணாக்குகிறது. ஆண்டுக்கு 7,900 லிட்டர் வரை போகும். பெரும்பாலும் உள்ளே தேய்ந்துபோன சின்ன வாஷரை மாற்றினாலே நின்றுவிடும். கழிப்பறை ஃப்ளஷ் டேங்கின் கசிவு இன்னும் மோசம், ஏனென்றால் அது காதில் விழாது. டேங்கில் சில துளி உணவுச் சாயம் விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் அரைமணி நேரம் பொறுத்துப் பாருங்கள். கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் கசிகிறது என்று பொருள்.

மின்சாரம் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டார்கள், சுருக்கமாக முடிக்கிறேன். வாஷிங் மெஷினில் வெந்நீர் போட்டால் செலவாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி நீரைச் சூடாக்கவே போகிறது, அன்றாட அழுக்குக்குச் சாதா தண்ணீர் போதும். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள், தடையில்லாமல் கையோடு வந்தால் கதவு ரப்பர் தளர்ந்திருக்கிறது. மூடி போட்டுச் சமைப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒன்றில் மட்டும், வாங்குங்கள் என்றே சொல்வேன்: பழைய குண்டு பல்பு இன்னும் எரிகிறதென்றால் அது தீரும்வரை காத்திருக்க வேண்டாம். 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 அல்லது 10 வாட் எல்.இ.டி. தந்துவிடும்.

கைபேசி விஷயத்தில் நேர்மாறு. அது தன் ஆயுளில் உண்டாக்கும் மாசின் பெரும்பகுதி, நம் கைக்கு வருவதற்கு முன்பே, சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் நடந்து முடிந்துவிடுகிறது. பேட்டரியை மட்டும் மாற்றி இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டுவதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை.

"தொழிற்சாலைகளும் அரசுகளும் மாறாமல் நாம் வாளியில் உரம் போட்டு என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பொறுப்பு பெரிது, அதைக் கேட்டுப் பெறத்தான் வேண்டும். ஆனால் வீணாகும் உணவில் 60 விழுக்காடு நம் அடுக்களையிலிருந்து போகும்போது, அந்தப் பங்கை வேறு யார் வந்து குறைப்பார்கள்?

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். பசுமைப் பொருட்களை அறிமுகப்படுத்தும் அந்தப் பக்கத்தில், மாதம் ஒரு முறையாவது பழுது பார்க்கக் கற்றுக்கொடுங்கள். குழாய் வாஷர் மாற்றுவது, அறுந்த பட்டன் தைப்பது, பையின் பிய்ந்த காதை ஒட்டுவது, ஓடாத ஜிப்பைச் சரிசெய்வது என்று படம் போட்டு, படிப்படியாக. முதல் மாதத்துக்குக் குழாய் வாஷரை எடுத்துக்கொண்டால், நான் செய்து பார்த்த குறிப்புகளை எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்