சென்னை – டர்பன்: ஒன்பது மணியா, பதினாறா?

அன்புள்ள முத்து,

உன் கடிதம் கிடைத்தது. தைப்பூசக் காவடிக்குச் சென்னையிலிருந்து இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு, டர்பனுக்கு வருகிறாய் என்பதில் வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால், "7,080 கி.மீ., ஒன்பது மணி நேரம்" என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் இடிக்கிறது.

அந்தத் தூரம் சரி. மாலத்தீவைத் தாண்டி, செஷல்ஸுக்குத் தெற்கே போய், மடகாஸ்கரைக் குறுக்கே வெட்டி டர்பனில் இறங்கும் வான்கோடு அது. நீ இணையத்தில் பார்த்த கணக்கு அதை மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி கூட்டிச் சொல்கிறது. கணக்கில் தப்பில்லை, அந்தக் கோட்டில் பறக்கத்தான் விமானம் இல்லை.

நடப்பில் துபாய் வழிதான் சுலபம். சென்னை–துபாய் 2,930, துபாய்–டர்பன் 6,600. ஆக 9,500-க்கு மேல். தெற்கே வரவேண்டியவன் முதலில் வடமேற்கே போகிறாய். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை! முதல் கட்டம் நாலு மணிக்குச் சற்று மேல். தை மாதத்தில் மேல்வானில் மேற்குக் காற்று எதிர்ப்பதால் இன்னும் கொஞ்சம் இழுக்கும். திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடும். இரண்டாம் கட்டம் எட்டு மணிக்கு மேல். நடுவில் மூன்று மணி காத்திருப்பு. எல்லாம் சேர்த்தால் பதினாறைத் தொடும்.

டிக்கெட்டில் உள்ள நேரங்களைக் கழித்துப் பார்த்து ஏமாறாதே. அவை அந்தந்த ஊர் நேரம். நாங்கள் உங்களுக்கு மூன்றரை மணி பின்னால். அதிகாலை 4-க்குக் கிளம்பி மாலை 4.30-க்கு இறங்கினால் பன்னிரண்டரை மணி போலத் தோன்றும். மூன்றரையைக் கூட்டினால் பதினாறு. ஊர் திரும்பும்போது அதையே கழிக்கவேண்டும்.

விலை குறைவு என்று ஜோகன்னஸ்பர்க் வழியாக எடுத்தால் ஒன்றைக் கவனி. பெட்டியில் டர்பன் என்று சீட்டு ஒட்டியிருந்தாலும், நாட்டுக்குள் நுழையும் முதல் இடம் அதுதான். குடியேற்ற வரிசை, பெட்டியை எடுப்பது, சுங்கம், மறுபடி பெட்டியைப் போடுவது எல்லாம் அங்கேயே. அங்கிருந்து டர்பன் ஒரு மணிப் பறப்புதான், ஆனாலும் இடையில் மூன்று மணியாவது விடு. இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடு. தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், இரண்டாவதற்குக் கொடுத்த பணம் போனதுதான்.

நைரோபி, அடிஸ் அபாபா வழி என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் தேவைப்படலாம். 12 மணி நேரத்துக்கு மேல் அங்கே தங்கினால் இங்கே கேட்பார்கள். திரும்பும்போது இந்தியாவில் இன்னும் கெடுபிடி. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

அம்மா கறிவேப்பிலை கட்டிக் கொடுத்தால் வாங்காதே. அனுமதியில்லாமல் செடிகொடி, இலைதழை கொண்டுவர முடியாது. இங்கே சாட்ஸ்வர்த்தில் கொல்லைக்குக் கொல்லை மரமே நிற்கிறது.

1860-இல் இந்தியத் தொழிலாளர்களை முதன்முதலாக ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து இங்கே வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, பதினாறு மணிக்கு அலுத்துக்கொள்ளாதே! விமான நிலையம் ஊருக்கு வடக்கே லா மெர்சியில். எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய 50 கி.மீ. விமான எண்ணை முன்கூட்டியே எழுது, வண்டியோடு நிற்கிறேன்.

அன்புடன்,
சிவா