யோகா போட்டோல எங்க ஊர் ஆளுங்களும் வரணும்ங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

ஜூன் 21 யோகா தினத்துக்கு உங்க பேப்பர்ல போட்டிருந்த நாலு பக்கத்தையும் ஒரு எழுத்து விடாம படிச்சேன். ஆசனத்தோட பேரு, செய்முறை, பலன் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா அதுல இருந்த அத்தனை படத்துலயும் இருபத்தஞ்சு வயசுக்குள்ள பொண்ணுங்க, ஒல்லியான உடம்பு, டைட் பேண்ட், பின்னாடி கடற்கரை. அந்தப் பக்கத்த எங்க யோகா கிளாஸுக்கு எடுத்துட்டுப் போய் காட்டினேன். பனியன் கம்பெனில செக்கிங் வேலை பாக்குற ஒரு அக்கா புரட்டிப் பாத்துட்டு "இது நமக்கில்லீங்க டீச்சர்"னு மடிச்சு என் கையிலயே குடுத்துட்டாங்க. மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

நான் திருப்பூர்ல பதினாலு வருஷமா யோகா சொல்லிக்குடுக்குறேங்க. என்கிட்ட பவர் டேபிள்னு சொல்ற மோட்டார் தையல் மெஷின்ல தைக்கிற டெய்லர் வர்றாங்க, அவங்களுக்குத் துணி மடிச்சுக் குடுக்குற பொண்ணுங்க வர்றாங்க, அயர்ன் பண்றவர், ஆட்டோ ஓட்டுற அண்ணன், பூ கட்டி விக்கிற பாட்டி, ஒரு பேங்க் மேனேஜர், ஒடிசாவுல இருந்து வந்த பசங்க நாலு பேரு. அந்தப் பசங்களுக்காகவே மூச்சு இழு, மூச்சு விடுங்கறத இந்தில கத்துக்கிட்டேன்.

ஆரம்பத்துல நான் ஒரு தப்பு பண்ணுனேன், அத இங்க சொல்லியே ஆகணும். சர்டிபிகேட் கோர்ஸ் முடிச்ச புதுசு, ஒரு கம்பெனி மொட்டைமாடில கிளாஸ் எடுக்கக் கூப்பிட்டாங்க. படிச்ச வரிசைப்படியே சூரிய நமஸ்காரத்துல ஆரம்பிச்சு எல்லாரையும் குனிஞ்சு நிமிர வெச்சேன். நாப்பத்தெட்டு வயசு டெய்லர் ஒருத்தரு நாலாவது சுத்துல எந்திரிக்கும்போது கண்ணு இருட்டிக்கிட்டு அப்படியே சுவத்தப் பிடிச்சு உக்காந்துட்டாரு. அப்புறம் கேட்டா, பிபி இருக்குதுங்க, மாத்திரைய நானா நிறுத்திட்டேன்ங்கறாரு. சொல்லாதது அவரு தப்பில்ல, கேக்காதது என் தப்பு. அன்னைல இருந்து யாரு வந்தாலும் பாய் விரிக்கறதுக்கு முன்னாடி பிபி, சுகர், குடலிறக்கம், ஆபரேஷன், கண்ணுல பிரஷர், பொண்ணுங்கன்னா மாசமா இருக்காங்களான்னு எல்லாம் கேட்டுட்டுத்தான் மறுவேலை. பிபி இருக்கறவங்களுக்கும் குடலிறக்கம் இருக்கறவங்களுக்கும் மாசமா இருக்கறவங்களுக்கும் வயித்த உள்ள இழுத்து வேகமா மூச்ச வெளிய தள்ற கபாலபாதி கிடையாது, கண்ணுல பிரஷர் இருந்தா தலைகீழா நிக்கற எதுவும் கிடையாது. உங்க பக்கத்துல இந்த எச்சரிக்கை ஒரு வரிகூட இல்லைங்க, பேப்பரப் பாத்து வீட்டுல தனியா செய்யறவங்க எத்தன பேரு இருப்பாங்க.

ஒரு பவர் டேபிள் டெய்லரோட உடம்ப நீங்க கிட்ட வந்து பாக்கணும். கால் பெடல்ல, கண்ணு ஊசியில, கழுத்து முன்னாடி தொங்கி, ரெண்டு தோளும் காதுகிட்ட ஏறி நிக்கும். காலைல எட்டரைக்கு உக்காந்தா ஒன்றரை ஷிஃப்ட் முடிய ராத்திரி எட்டு மணி. அவருக்குப் போய் முன்னாடி குனியற ஆசனமா எடுத்தவுடனே சொல்லித்தர்றது? அவரு நாள் பூரா குனிஞ்சுதானே இருக்காரு! ஸ்டூல்ல உக்காந்தபடியே கைய பின்னாடி கோத்து நெஞ்ச விரிக்கணும், மூச்சு இழுக்கும்போது தோள தூக்கி விடும்போது கீழ போடணும், கழுத்த மெதுவா ரெண்டு பக்கமும் திருப்பணும், கணுக்கால சுத்தணும். அஞ்சு நிமிஷம் போதும், டீ டைம்லயே முடிஞ்சிரும். செக்கிங்ல நாள் முழுக்க நிக்கற அக்காவுக்கு இது எதுவும் வேண்டாம், ராத்திரி படுக்கும்போது கால ரெண்டையும் சுவத்துல ஏத்தி வெச்சுக்கிட்டு பத்து நிமிஷம் படுத்தா அவங்களுக்கு அதுதான் சொர்க்கம். புடவையோட எப்படி கால தூக்கறதுன்னு ஒருத்தரும் புத்தகத்துல எழுத மாட்டேங்கறாங்க, நாங்க மடிப்ப முழங்கால் நடுவுல இடுக்கி மேல ஒரு துண்டு போட்டுக்குறோம்.

அந்த பேங்க் மேனேஜர் வாசல்ல செருப்பக் கழட்டவே சுவத்தப் பிடிப்பாரு, குந்த வெச்சு உக்காரச் சொன்னா குதிகால் தரைல படாது. பூக்காரப் பாட்டிக்கு எழுபது தாண்டிருச்சு, பொழுதன்னைக்கும் குந்த வெச்சுதான் பூ கட்டுது. ஒரு நாள் பாட்டி அவரு கைய ரெண்டையும் பிடிச்சு "பயப்படாம உக்காரு கண்ணு, நான் பிடிச்சுக்கறேன்"னு கீழ இறக்குச்சு. அதே பாட்டிக்கு கை தோளுக்கு மேல ஏறாது, அங்க மேனேஜர் பிடிச்சுவிடுவாரு. அவரு மாதிரி நாலஞ்சு பேரு குடுக்குற மாச ஃபீஸ்லதான் ஞாயித்துக்கிழமை கிளாஸ் காசு வாங்காம ஓடுது.

நேரமும் பெரிய விஷயம்ங்க. காலைல அஞ்சரை மணி யோகான்னு எல்லா இடத்துலயும் போர்டு வெக்கறாங்க, அந்த நேரத்துல வேலைக்குப் போற பொம்பளைங்க தண்ணி பிடிச்சு, சோறாக்கி, டிபன் பாக்ஸ் கட்டிட்டு இருப்பாங்க. அதான் நாங்க ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணின்னு வெச்சிருக்கோம். துணி தொவைச்சு, கறி எடுத்து ஆக்கி, சாப்பிட்டு நாலு மணி நேரம் கழிஞ்சிருக்கணும்ல. ஒரு முஸ்லிம் அக்கா தயங்கித் தயங்கி "ஓம் சொல்லியே ஆகணுமா டீச்சர்"னு கேட்டாங்க. வேண்டாம்மா, ஒண்ணு ரெண்டு மூணுன்னு மூச்ச எண்ணுங்கன்னேன். அடுத்த வாரம் அவங்க தங்கச்சியவும் கூட்டிட்டு வந்தாங்க.

இதெல்லாம் நானா கண்டுபிடிச்சதில்லைங்க. கிருஷ்ணமாச்சாரியார் 1930கள்ல மைசூர் அரண்மனைல சின்னப் பசங்களுக்கு வேகமா தாவிச் செய்யற யோகா சொல்லிக்குடுத்தவரு. அவரே பின்னாடி சென்னைக்கு வந்து, நோயாளிகளுக்கு ஒவ்வொருத்தரா உக்கார வெச்சு அவங்கவங்க உடம்புக்கு ஏத்த மாதிரி சொல்லிக்குடுத்தாரு. அவரு மகன் தேசிகாச்சாரும் அந்த வழிலதான் போனாரு. பி.கே.எஸ். ஐயங்கார் சின்ன வயசுல காசநோய், மலேரியான்னு நோஞ்சானா கிடந்தவரு, அவருதான் மடக்கு நாற்காலி, பெல்ட், கட்டையெல்லாம் வெச்சு முடியாதவங்களையும் செய்ய வெச்சாரு. நம்ம வேதாத்திரி மகரிஷி நெசவாளர் குடும்பத்துல பிறந்து, குடும்பஸ்தன் செய்யற மாதிரி யோகாவ எளிமையாக்கிக் குடுத்தவரு. ஐநாவுல 2014 டிசம்பர்ல 177 நாடு ஆதரிச்சு யோகா தினம் வந்தது சந்தோஷம்தான், ஆனா மைதானத்துல ஆயிரம் பேரு ஒரே மாதிரி கை தூக்கற போட்டோல அவங்கவங்க உடம்புக்கு ஏத்த மாதிரி செய்யணும்ங்கற இந்த விஷயம் காணாம போயிடுது.

இன்னொண்ணும் சொல்லிடறேன். முதுகு வலிக்குதா யோகா பண்ணுன்னு சில கம்பெனிக்காரங்க என்னக் கூப்பிடுறாங்க. நான் போறேன், ஆனா முதல்ல முதுகு சாயற சேர் குடுங்க, நடுவுல எந்திரிச்சு நடக்க விடுங்கன்னு சொல்லிட்டுத்தான் பாய விரிப்பேன். நாள் பூரா முதுகில்லாத ஸ்டூல்ல உக்கார வெச்சுட்டு அஞ்சு நிமிஷ யோகால சரி பண்ணச் சொல்றது நியாயமில்லைங்க.

அடுத்த வருஷம் யோகா தினத்துக்கு ஒரு பக்கமாவது ஸ்டூல்ல உக்காந்து செய்யறது, புடவையோட செய்யறது, சுவத்தப் பிடிச்சு செய்யறதுன்னு போடுங்க. யாரு எதச் செய்யக்கூடாதுன்னு ஒரு கட்டம் கட்டிப் போடுங்க. படத்துக்கு ஆளுங்கள நானே கூட்டிட்டு வர்றேன். கேட்டுட்டேன், பூக்காரப் பாட்டி சரின்னுருச்சு, அந்த செக்கிங் அக்கா மட்டும் ஞாயித்துக்கிழமைன்னா வர்றேன்னு சொல்லிருக்காங்க.

இப்படிக்கு,
ஒரு யோகா டீச்சர், திருப்பூர்