பொன்மலையிலிருந்து பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் "சாப்பிட்டியா" என்பதோடு என் பேச்சு நின்றுவிடுகிறது. அதனால் காகிதத்தில் எழுதி, தம்பியிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. மணப்பாறை அத்தை வந்துவிட்டுப் போனாள். ஜெர்மனியில் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவிட்டார்கள், இனிமேல் நாலரை மணி நேர வித்தியாசம் என்று நீ சொன்ன அன்றே அம்மா ஹாலில் உன் நேரத்துக்கு இன்னொரு கடிகாரம் மாட்டிவிட்டாள். போன சனிக்கிழமை அந்தக் கடிகாரத்தில் பதினொன்று அடித்தும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மறுநாள், "ரூம்லதான்ப்பா இருந்தேன், தூங்கிட்டேன்" என்றாய். சரி. படிக்கிற பிள்ளைக்குத் தூக்கம் வேண்டும்தான்.

பாஸ்டை பாலத்துக்கு முப்பது பேராகப் போனீர்களே, அந்தப் போட்டோவை நான் இன்னும் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறேன். மணற்கல் தூண்களுக்கு நடுவே கல்பாலம், கீழே பாதாளத்தில் எல்பே ஆறு, மேலே மஞ்சள் ஸ்வெட்டரில் நீ. 1851-இல் கட்டிய பாலமாமே! உன் டிரெஸ்டனுக்கு லைப்சிக்கிலிருந்து 1839-லேயே ரயில் முழுசாக ஓடியிருக்கிறது. நம் ராயபுரத்துக்கு 1856-இல்தான். ரயில்வே கார்டு வீட்டுப் பெண், ரயில் அவ்வளவு சீக்கிரம் வந்த ஊரில் படிக்கிறாள் என்று கோவில் வாசலில் சொன்னேன். அம்மா முறைத்தாள்.

அப்படிப் போ. கூட்டத்தோடு போ. எண்ணிப் பார்க்க ஆள் இருக்கும். வண்டி ஏறும்போது ஒரு தலை குறைந்தால் கேட்பார்கள்.

உன் மாதாந்திர டிக்கெட் ரீஜனல் வண்டிகளுக்குத்தான். அவசரத்தில் ஐ.சி.இ. அதிவேக வண்டியில் ஏறிவிடாதே. டிக்கெட் இல்லாமல் பிடித்தால் 60 யூரோ. எல்லை தாண்டினால் வேறு டிக்கெட். பாஸ்போர்ட்டைப் பையின் உள்ளறையில் வை. 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி எல்லா நில எல்லைகளிலும் சோதிக்கிறது, வண்டிக்குள்ளேயே ஏறிக் கேட்கிறார்களாம். சும்மா சொல்லி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது, சனிக்கிழமையே ரொட்டி வாங்கிவிடு. ஆபத்து என்றால் 112. பாஸ்போர்ட் உள்ளறையில்.

உங்கள் ஊர் காரோலா பாலத்தின் ஒரு பகுதி 2024-இல் ராத்திரி மூன்று மணி வாக்கில் ஆற்றில் விழுந்ததைப் படித்தேன். கடைசி டிராம் கடந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருந்ததாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்று முழுக்க எனக்கு அந்தச் சில நிமிடம்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் எல்லோரும் சேர்ந்து பிராக் போகிறார்களாமே. 59 யூரோவாம், உன் தோழி அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். நீ பேர் கொடுக்கவில்லை. கேட்டால், "அங்க என்னப்பா இருக்கு, பழைய பாலம் ஒண்ணு" என்கிறாய். அந்தப் பாலத்து முப்பது சிலையையும் படம் பார்த்து ஆறாம் வகுப்பு நோட்டில் வரைந்தவள் நீ. எனக்கு மறந்துவிட்டது என்று நினைத்தாயா?

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். பதினொன்றாவதில் மைசூர் டூர். 1,600 ரூபாய். "இந்த மாசம் பணம் இல்லை பாப்பா" என்றேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் இன்று வரை உனக்கென்று ஒரு ரூபாய் நீ என்னிடம் கேட்டதில்லை. நல்ல பிள்ளை, சிக்கனம் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

பணம் இருந்தது. பீரோவில் இருந்தது. அம்மாவுக்குத் தெரியும்.

நீ பிறப்பதற்கு முந்தின வருடம் ராத்திரி வண்டியில் டியூட்டி. ஒரு ஸ்டேஷனில் டூர் போகிற பிள்ளைகள் தண்ணீர் பிடிக்க இறங்கினார்கள். எல்லாம் ஏறிவிட்டார்கள் என்று பச்சை விளக்கைக் காட்டினேன். ஒரு பெண் குழாயடியிலேயே நின்றிருக்கிறாள். வண்டி நகர்ந்ததும் ஓடி வந்து கம்பியைப் பிடித்தாள், பிடி நழுவியது. நான் பிரேக் வால்வைத் திறந்து வண்டியை நிறுத்திவிட்டேன். உயிர் பிழைத்தாள். கால் போய்விட்டது. விசாரணையில் என்மேல் தவறில்லை என்று எழுதினார்கள். விளக்கைக் காட்டிய கை என்னுடையது. நீ மைசூர் என்றதும் எனக்கு அந்தக் குழாயடிதான் தெரிந்தது. பயமாக இருக்கிறது என்று பெற்ற பெண்ணிடம் சொல்ல வாய் வராமல், பணத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டேன். வருடம் மூன்று செட் ரயில்வே இலவசப் பாஸ் கையில் இருந்தும் உங்களை எங்கேயும் கூட்டிப் போகாததும் அதனால்தான்.

நான் சொன்ன அந்தப் பொய்யை நீ இன்னும் நம்பிக்கொண்டு, 59 யூரோவை மிச்சம் பிடிக்கத் தனியாக எதிலாவது ஏறுகிறாயோ என்று தோன்றியதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. உன் கணக்கில் பணம் போட்டிருக்கிறேன். பிராக் டூருக்குப் பேர் கொடு. தனியாகத்தான் போவேன் என்றாலும் போ. வண்டி நம்பரை மட்டும் எனக்கு அனுப்பு. நான் இங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு டீ கப் போட்டோ அனுப்பினாயே. கப்புக்குப் பின்னால் ஜன்னல் இருந்தது. முப்பத்துநாலு வருடம் ஓடுகிற வண்டியிலிருந்து போர்டு படித்தவன் நான். டெசின் என்று போட்டிருந்தது. மேப்பில் தேடினேன். எல்லைக்கு அந்தப் பக்கம், பிராக் இருக்கிற செக் நாட்டில். அம்மாவிடம் சொல்லவில்லை.

அங்கே வண்டி எத்தனை நிமிடம் நின்றது? நீ இறங்கினாயா?

அப்பா