மாலோனைல் கோ-ஏ: உயிர்வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவக் கல்லூரிகளிலும் கலை அறிவியல் கல்லூரிகளிலும் உயிர்வேதியியல் நடத்தும் ஆசிரியர்களுக்கும், அந்தப் பாடத்துக்கு வினாத்தாள் அமைப்பவர்களுக்கும் வணக்கம்.

நானும் இதே பாடத்தை நடத்துகிறவன்தான். கொழுப்பு அமிலம் உடலில் எப்படி உருவாகிறது என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் பிள்ளைகள் மடமடவென்று ஒப்பிக்கிறார்கள். தொடக்கப் பொருளான இரண்டு கார்பன் அசிட்டைல் கோ-ஏ, அதிலிருந்து வரும் மூன்று கார்பன் மாலோனைல் கோ-ஏ, கடைசியில் கிடைக்கும் பால்மிட்டிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம், நடுவில் வரும் நொதிகள், எல்லாம் வரிசையாக வந்துவிடும். "கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்து மாலோனைல் ஆக்குகிற உடல், அடுத்த படியிலேயே அதைக் கழற்றி வெளியே விடுகிறதே, ஏன்?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வகுப்பில் நாம் அந்தக் கேள்வியை எழுப்புவதில்லை. தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்குக்கூடக் கேட்பதில்லை.

இத்தனைக்கும் அந்தப் புதிரிலிருந்து தொடங்கி ஒருவர் தன் ஆய்வு வாழ்க்கையையே நடத்தியிருக்கிறார். சாலிஹ் வகில். 1927-இல் ஈராக்கின் கர்பலாவில் பிறந்தவர். பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போனார். 1950-களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேவிட் கிரீனின் குழுவில் இருந்தார். கொழுப்பு அமிலம் இரண்டிரண்டு கார்பனாக வெட்டுப்பட்டு எரிகிறது என்பது அதற்குள் தெளிவாகியிருந்தது. உருவாவதும் அதே பாதையில் பின்னோக்கித்தான் என்று பலரும் நம்பிய காலம் அது.

புறாவின் கல்லீரலிலிருந்து எடுத்த சாற்றில் சோதனை நடந்தது. கொழுப்பு அமிலம் உருவாகப் பைகார்பனேட், அதாவது நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடின் ஒரு வடிவம், தேவைப்பட்டது. அப்படியானால் அதன் கார்பன் அமிலத்துக்குள் போயிருக்க வேண்டும் அல்லவா? கதிரியக்கக் கார்பன் உள்ள பைகார்பனேட்டைச் சேர்த்துப் பார்த்தார்கள். விளைந்த அமிலத்தில் அந்தக் கார்பன் இல்லை! இன்னொரு தடயமும் கிடைத்தது. பிரித்தெடுத்த நொதியில் பயோட்டின் என்ற வைட்டமின் இருந்தது. பயோட்டினைப் பிடித்துக்கொள்ளும் அவிடின் என்ற முட்டை வெண்கருப் புரதத்தைச் சேர்த்தால் வேலை நின்றுபோனது. இந்த முடிச்சுகளை அவிழ்த்து, இடையில் வருவது மாலோனைல் கோ-ஏ என்று 1958-இல் வகில் காட்டினார். பைகார்பனேட் சேர்ந்து மூன்று கார்பன் மாலோனைல் உருவாகிறது. சங்கிலியில் இணையும் நொடியில் அதே கார்பன் வெளியேறுகிறது. அந்த வெளியேற்றம்தான் வினையை முன்னோக்கித் தள்ளுகிறது. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழித்துக் கார்பனைச் சேர்த்ததன் பலன் அங்கே கிடைக்கிறது. எரிப்பதும் கட்டுவதும் வெவ்வேறு பாதைகள் என்பது இப்படித்தான் உறுதியானது.

பிறகு டியூக் பல்கலைக்கழகம், 1971 முதல் ஹூஸ்டனின் பெய்லர் மருத்துவக் கல்லூரி. இடம் மாறியது, கேள்வி மாறவில்லை. டாலஸில் மெக்கேரி, ஃபாஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1977-இல் ஒன்றைக் கண்டார்கள்: கொழுப்பு அமிலம், அது எரிக்கப்படும் இடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைவதை இந்த மாலோனைல் கோ-ஏயே தடுக்கிறது. கட்டும்போது எரியாமல் காக்கும் காவலும் அதுதான். 2001-இல் வகிலின் ஆய்வகம், மைட்டோகாண்ட்ரியாவை ஒட்டி மாலோனைல் கோ-ஏயைத் தயாரிக்கும் ஏசிசி-2 நொதி இல்லாத எலிகளை உருவாக்கியது. அவை மற்ற எலிகளைவிட அதிகம் தின்றன. உடம்பில் கொழுப்போ குறைவாகவே சேர்ந்தது. 1958-க்கும் 2001-க்கும் இடையே 43 ஆண்டுகள். உடல் பருமனும் சர்க்கரை நோயும் பேசப்படும் ஒவ்வொரு வகுப்பிலும் இந்தத் தொடர்ச்சியைச் சொல்லலாம். நம் நோட்ஸில் அது ஒரு அம்புக்குறியாகச் சுருங்கிக் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

ஆசிரியர்களே, இந்தப் பாடத்தைத் தொடங்கும் நாளில் படத்தை வரையாதீர்கள். பைகார்பனேட் சோதனையின் முடிவை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பத்து நிமிடம் பிள்ளைகளை யோசிக்க விடுங்கள். தப்பாகச் சொல்லட்டும், பரவாயில்லை. பாடத்திட்டம் முடியாது என்ற கவலை எனக்கும் தெரியும். சுழற்சிகளை மறுபடி மறுபடி வரையும் நேரத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம்.

வினாத்தாள் அமைப்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் மாறாமல் வகுப்பறை மாறாது. "கொழுப்பு அமிலத் தொகுப்பின் படிகளை விவரி" என்ற பத்து மதிப்பெண் கேள்வியில் பாதியையாவது சோதனைக்கு ஒதுக்குங்கள். கதிரியக்கப் பைகார்பனேட்டின் முடிவைக் கொடுத்து, "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள். வரும் தேர்விலேயே தொடங்கலாம்.